ஐந்தாவது ஆளை எந்த எண்ணை நம்பி எடுப்பது?

மேஜையில் கோலால் பந்துகளைப் பாக்கெட்டுக்குள் போடும் பூல் ஆட்டத்தை விடாமல் பார்க்கிறவர்களுக்குள் அடிக்கடி ஒரு வாக்குவாதம் வரும். இன்றைக்கு யார் பெரிய ஆட்டக்காரர்? ஒருவர் பரிசுப்பணப் பட்டியலைக் காட்டுவார். இன்னொருவர் ஆட்ட முடிவுகளை வைத்துக் கணக்கிடும் ஃபார்கோ ரேட்டிங்கைக் காட்டுவார். மூன்றாமவர், "போன வாரம் அந்த மேட்சில் டிபிஏ 0.950 அடித்தாரே, பார்க்கவில்லையா?" என்பார். மூன்று பேர் கையிலும் எண் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு ஆளைக் காட்டுகின்றன.

பேச்சோடு போவதென்றால் விட்டுவிடலாம். ஆனால் உண்மையிலேயே ஆளைப் பொறுக்கி எடுக்க வேண்டிய இடமும் இருக்கிறது. மஸ்கோனி கோப்பை 1994 முதல் நடக்கிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும், அணிக்கு ஐந்து பேர். ஒவ்வொரு மேட்சிலும் முதலில் 5 ரேக் (பந்துகளை ஒரு தடவை அடுக்கி ஆடி முடிக்கும் சுற்று) எடுப்பவர் ஜெயிப்பார், முதலில் 11 மேட்ச் ஜெயிக்கும் அணிக்குக் கோப்பை. சிலர் தரவரிசையை வைத்து நேராக அணிக்குள் வந்துவிடுவார்கள். மீதி இடத்துக்கு ஆள் பார்ப்பது கேப்டன் பொறுப்பு. அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் எந்த எண்ணை முதலில் எடுப்பீர்கள்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ஃபார்கோ. அதில் இரண்டு பேர் அருகருகே நின்றால், பிழைகளை எண்ணிக் குறிக்கும் டிபிஏ தாள். பணப் பட்டியல் கடைசி. ஏன் இந்த வரிசை என்று சொல்வதற்கு முன்னால், ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி.

நைன்-பாலில் 1 முதல் 9 வரை எண் போட்ட பந்துகள் இருக்கும். மேஜையில் இருப்பதில் சின்ன எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். 9-ஐ முறைப்படி போட்டவருக்கு அந்த ரேக். காரம் ஆடியவர்களுக்கு ஒரு வித்தியாசம் உடனே புரியும். காரம் போர்டில் ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரைக்கரைத் தூக்கிக் கோட்டில் நமக்குத் தோதான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பூலில் வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ, அங்கிருந்துதான் அடுத்த அடி. பந்தைப் போடுவது பாதி வேலை, வெள்ளையை அடுத்த பந்துக்கு வாகாக நிறுத்துவது மீதி. இதைத்தான் பொசிஷன் என்கிறார்கள். போட வழியில்லை என்றால் எதிராளிக்குப் பந்தை மறைத்து வைத்துவிட்டு வர வேண்டும், அது சேஃப்டி.

இப்போது டிபிஏ, அதாவது டோட்டல் பெர்ஃபார்மன்ஸ் ஆவரேஜ்.

1980-களில் அமெரிக்காவின் பாட் ஃபிளெமிங் தொடங்கிய அக்யூ-ஸ்டாட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த கணக்கு இது. அவரே தொழில்முறையாக ஆடியவர். மேட்சுகளைப் படம்பிடித்து, ஒவ்வொரு அடியையும் தாளில் குறித்து, கடைசியில் ஒரே எண்ணாகச் சுருக்கினார்கள். கணக்கு ரொம்ப எளிது: போட்ட பந்துகளின் எண்ணிக்கையை, போட்ட பந்துகளும் செய்த பிழைகளும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். பிழையே இல்லாவிட்டால் 1.000. 0.900-ஐத் தாண்டினால் உலகத்தரம் என்பது ஆட்ட வட்டாரத்தில் நிலைத்துவிட்ட அளவு. பேசும்போது புள்ளியை விட்டுவிட்டுத் 'தொள்ளாயிரம்' என்றே சொல்வார்கள்.

ஒரே ஒரு ரேக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். முதலாமவர் அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியை, அதாவது பிரேக்கை, அடிக்கிறார், எதுவும் விழவில்லை. இரண்டாமவர் வந்து 1, 2, 3, 4 என்று வரிசையாகப் போடுகிறார். 5 நேராகக் கிடக்கிறது, ஆனால் பாக்கெட் வாயில் பட்டுத் துள்ளி வெளியே வந்துவிடுகிறது. முதலாமவர் எழுந்து வந்து மீதி ஐந்தையும் போட்டு ரேக்கை முடிக்கிறார். தாளில் இரண்டாமவருக்கு 4 பந்து, 1 பிழை. நாலை ஐந்தால் வகுத்தால் 0.800. முதலாமவருக்கு 5 பந்து, பிழை இல்லை, 1.000. பிரேக்கில் எதுவும் விழாதது அவருடைய பிழையாகக் கணக்கில் ஏறவில்லை. வெள்ளைப் பந்து பாக்கெட்டுக்குள் போயிருந்தால்தான் ஏறும்.

பந்து தவறுவது யார் கண்ணுக்கும் தெரியும். சிக்கல் மற்ற பிழைகளில்தான். வெள்ளை ஒரு சாண் அதிகம் ஓடியது. அடுத்த பந்தை இன்னும் போடலாம், ஆனால் கஷ்டம். இது பொசிஷன் பிழையா, இல்லையா? சேஃப்டி வைத்தார், எதிராளிக்குப் பந்தின் ஓரம் மட்டும் தெரிகிறது. பிழையா? மறைந்திருந்த பந்தை விளிம்பில் மோதி எடுக்கப் பார்த்தார், தொட்டுவிட்டார், ஆனால் அது எதிராளிக்கு வாகாகப் போய் நின்றுவிட்டது. இதை எங்கே எழுதுவது? குறிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருஷமாக மேட்சுகளுக்கு நோட்டில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதி வருகிறேன். ஒரு தடவை, ஏற்கெனவே குறித்த மேட்ச் என்பதை மறந்து, ஆறு மாதம் கழித்து அதையே மறுபடியும் குறித்தேன். ஜெயித்தவர் போட்ட பந்துகள் இரண்டு தாளிலும் 60. ஆனால் முதல் தடவை 7 பிழை எழுதியிருந்தேன், இரண்டாம் தடவை 9. முதல் தாளில் 0.896, இரண்டாவதில் 0.870. அதே மேட்ச், அதே கண். இன்னும் ஒரே ஒரு பிழையை மன்னித்து 6 என்று எழுதியிருந்தால் 0.909 ஆகி, 'உலகத்தரம்' கோட்டுக்கு மேலே போயிருப்பார். அன்றிலிருந்து ஒரு மேட்சின் டிபிஏயை மட்டும் பிடித்துக்கொண்டு நான் யாரோடும் வாதிடுவதில்லை.

இன்னொரு விஷயம். எதிராளி ஆடும்போது நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பவருக்குப் பிழையே வராது. ரேக்கை ஜெயித்தவரே அடுத்த பிரேக்கும் அடிக்கும் போட்டி என்று வையுங்கள். ஒருவர் 9-2 என்று ஜெயிக்கிறார். அவர் 72 பந்து போட்டு 7 பிழை செய்தால் 0.911. தோற்றவருக்கு மேஜைக்கு வரவே வாய்ப்பில்லை, கிடைத்த நேரத்தில் 18 பந்து போட்டார், 1 பிழை. அவருக்கு 0.947. தோற்றவர் எண் பெரியது! கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. மேஜையில் நின்ற நேரத்தில் எவ்வளவு சுத்தமாக ஆடினார் என்பதை மட்டும்தான் டிபிஏ சொல்கிறது. யாரை எதிர்த்து ஆடினார், எத்தனை ரேக் எடுத்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இவ்வளவு குறை சொன்னாலும் டிபிஏ மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒரே ஒரு பழைய மேட்சுக்கும் பின்னோக்கிப் போய் அதைக்கொண்டு மதிப்பெண் போடலாம். பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் 1994-ல் யு.எஸ். ஓப்பனை வென்றார், 1999-ல் உலகப் பட்டத்தை வென்றார். அன்றைக்கு ஃபார்கோ என்ற பேரே கிடையாது. ஒளிப்பதிவு இருந்தால் இன்றைக்கும் உட்கார்ந்து அவர் பிழைகளை எண்ணலாம். ஆனால் அந்த எண்ணை இன்றைய எண்ணோடு அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. உலகப் பூல் சங்கத்தின் விதிப்படி மூலைப் பாக்கெட்டின் வாய் நாலரை அங்குலத்துக்குக் குறையாது. மேட்ச்ரூம் நிறுவனம் நடத்தும் இன்றைய பெரிய போட்டிகளில் அதை 4 அங்குலத்துக்குச் சுருக்கிவிட்டார்கள். அரை அங்குலம்தானே என்று தோன்றும். பந்தின் விட்டமே இரண்டே கால் அங்குலம், அதற்கு அரை அங்குலம் பெரிய இடம். முன்பு வாயில் பட்டு உள்ளே விழுந்த பந்து இன்று வெளியே துள்ளுகிறது, தாளில் பிழையாக ஏறுகிறது. ஆட்டக்காரர் மாறவில்லை, மேஜை மாறிவிட்டது.

ஃபார்கோவுக்கு இந்தக் கவலை கிடையாது. பாக்கெட் சுருங்கினால் இரண்டு பேருக்கும்தான் சுருங்குகிறது, யார் எத்தனை ரேக் எடுத்தார் என்பது மட்டும் அதற்குப் போதும்.

பேரைப் பார்த்து ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்துவிட வேண்டாம், அது ஓர் ஊரின் பேர். அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கிறது ஃபார்கோ. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த மைக் பேஜ்தான் இந்த முறைக்கு மூலவர். சதுரங்கத்தின் ஈலோ ரேட்டிங் நம் வாசகர்களுக்குப் பழக்கமானது, சென்னையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அதை வாயில் வைத்துப் பேசுவார்கள். ஃபார்கோவும் அதே குடும்பம். நூறு புள்ளி வித்தியாசம் என்றால் ரேக்குகள் 2-க்கு 1 என்ற கணக்கில் விழும். 700 உள்ளவர் 600 உள்ளவரோடு ஆடினால் 700-காரர் இரண்டு ரேக் எடுக்கும் நேரத்தில் 600-காரர் ஒன்று எடுப்பார். 800-க்கும் 600-க்கும் என்றால் 4-க்கு 1. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் 800-க்கு மேலே இருக்கிறார்கள்.

ஈலோவிலிருந்து இது பிரியும் இடம் ஒன்று உண்டு. ஈலோவில் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பழைய எண்ணில் கொஞ்சம் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். ஃபார்கோவில் பதிவான ஆட்டங்களையெல்லாம் மொத்தமாக எடுத்து, எல்லோருடைய எண்ணையும் சேர்த்து ஒரே தடவையில் புதிதாகக் கணக்கிடுகிறார்கள். பழைய ஆட்டத்துக்கு எடை போகப் போகக் குறையும். அதனால் நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும், போன மாதம் உங்களிடம் தோற்றவர் இன்று எங்கோ நன்றாக ஆடினால் உங்கள் எண்ணும் லேசாக நகரும்.

எண்ணுக்குப் பக்கத்திலேயே எத்தனை ரேக்கிலிருந்து அது வந்தது என்பதையும் காட்டுகிறார்கள். 200 ரேக் ஆனால்தான் அதை நிலைத்த ரேட்டிங் என்பார்கள். இந்த 200 எவ்வளவு உறுதி என்று நானே போட்டுப் பார்த்தேன். சரிக்குச் சமமான இரண்டு பேர் 200 ரேக் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நியாயமாக 100-100 வர வேண்டும். ஆனால் அதிர்ஷ்டத்தின் ஆட்டத்தில் 107-93 அல்லது அதைவிட அகலமான இடைவெளி மூன்றில் ஒரு தடவைக்கு மேலேயே வரும். 107-93 என்பதை ஃபார்கோவாக மாற்றினால் 20 புள்ளி வித்தியாசம். அதாவது 200 ரேக் மட்டும் உள்ள ஒருவரின் எண்ணில் இருபது புள்ளி இப்படியும் அப்படியும் ஆடுவது சகஜம். 5,000 ரேக் உள்ள தொழில்முறை ஆட்டக்காரருக்கு அதே ஊசலாட்டம் 4 புள்ளி அளவுக்கு அடங்கிவிடும். மஸ்கோனி கோப்பைக்கு யோசிக்கப்படும் ஆட்கள் எல்லோரும் இந்த இரண்டாவது ரகம். ஃபார்கோவை நான் முதலில் வைப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

அதன் கண்ணுக்குப் படாதவையும் உண்டு. 9-ஐ இன்னொரு பந்து வழியாகத் தள்ளி எதிர்பாராமல் எடுத்த ரேக்கும், பிரேக்கிலிருந்து ஒன்பதையும் துடைத்து எடுத்த ரேக்கும் அதற்கு ஒன்றேதான். பிரதேசத்துக்குப் பிரதேசம் ஆட்டக்காரர்கள் கலந்து ஆடாவிட்டால் இரண்டு கூட்டத்தின் எண்களையும் சேர்த்துக் கட்டும் கயிறு மெலிந்துவிடும். ஊர் ஊராகப் பயணம் செய்து ஆடும் சிலர்தான் அந்தக் கயிறு.

அப்புறம், மேட்சை ஜெயிப்பதற்கென்று அது தனியாக எதுவும் தருவதில்லை. 2024 ஜித்தாவில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெடோர் கோர்ஸ்ட் 15, எக்லென்ட் காசி 14. கடைசி ரேக்கில் எல்லாம் தீர்ந்தது. வென்றவருக்கு 2,50,000 டாலர். பணப் பட்டியலில் அந்த ஒற்றை ரேக் மலையளவு. ஃபார்கோவுக்கோ 29 ரேக்கில் ஒன்று, அவ்வளவுதான். முடிவு திரும்பியிருந்தாலும் இருவர் எண்ணும் அசைந்திருக்காது என்றே சொல்லலாம். அடுத்த வருஷம் அதே ஊரில், அதே கோர்ஸ்ட் இறுதி ஆட்டத்தில் கார்லோ பியாடோவிடம் 13-15 என்று தோற்றார். 2017-க்குப் பிறகு பியாடோவுக்கு அது இரண்டாவது உலகப் பட்டம்.

இந்த இரண்டு இறுதி ஆட்டங்களையும் பார்த்துவிட்டு, கோர்ஸ்ட் ஒரே வருஷத்தில் சரிந்துவிட்டார் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது. இரண்டையும் சேர்த்தால் 57 ரேக், அதில் அவருக்கு 28. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பட்டத்தைத் தூக்கிப்பிடித்தவர் பேர்தான் வரலாற்றில் நிற்கும், நிற்கவும் வேண்டும். அடுத்த மேட்சுக்கு ஆள் எடுக்க அது உதவாது.

பணப் பட்டியலைக் கடைசியில் வைப்பதும் இதனால்தான். குறிப்பிட்ட காலத்தில் சம்பாதித்த பரிசுப்பணத்தைக் கூட்டி வரிசைப்படுத்துகிறார்கள். ஒரு பெரிய போட்டியை வென்றால் மேலே போய்விடலாம். விசா கிடைக்காமலோ, விமானச் செலவுக்கு வழியில்லாமலோ நாலு போட்டியைத் தவறவிட்டால் கீழே வந்துவிடுவார், கை மட்டும் அதே கைதான். ஒரு விஷயத்தை மட்டும் இந்தப் பட்டியல் நேர்மையாகச் சொல்கிறது: பெரிய மேடைக்கு வந்து, பெரிய ஆட்களை வரிசையாகத் தாண்டினார் என்பதை. போட்டி நடத்துகிறவர்களுக்கு யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்க இது நியாயமான கதவு. எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விதி, யாரும் கேள்வி கேட்க முடியாது.

பிரேக் அடித்து ஒரே மூச்சில் ரேக்கை முடிக்கும் விகிதத்தையும் சிலர் தூக்கிப் பிடிப்பார்கள். பந்துகளை எப்படி அடுக்கினார்கள், அடுக்கத் தகடு போட்டார்களா, பிரேக்கை எங்கிருந்து அடிக்கவிட்டார்கள் என்பதையெல்லாம் பொறுத்து அது போட்டிக்குப் போட்டி மாறும். ஒரே போட்டிக்குள் இரண்டு பேரை ஒப்பிட மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, கேப்டன் நாற்காலிக்குத் திரும்புவோம்.

5 ரேக் மேட்சில் ஃபார்கோ வித்தியாசம் எவ்வளவு வேலை செய்யும்? எதிராளியைவிட 100 புள்ளி மேலே இருப்பவர் நூற்றுக்கு 85 அல்லது 86 தடவை ஜெயிப்பார். 20 புள்ளி மேலே இருந்தால் 58. 10 புள்ளி என்றால் 54. கவனியுங்கள், முன்னணி ஆட்டக்காரர்களுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பத்து, இருபதுக்குள்தான் இருக்கும். அதே 20 புள்ளியை 11 ரேக் மேட்சில் வைத்தால் 63-க்கு ஏறும். மேட்ச் நீளமானால் திறமை தன் வேலையைக் காட்டும், குறுகினால் ஒரு கெட்ட பிரேக்கே கதையை முடித்துவிடும். மஸ்கோனி கோப்பை குறுகிய ரகம்.

அதனால் என் முறை இப்படி. முதலில் ஃபார்கோவை வைத்து 20, 30 புள்ளி பின்னால் இருப்பவர்களைக் கழித்துவிடுவேன். போன மாதம் கோப்பை தூக்கியிருந்தாலும் சரி, போன வாரம் ஒரு மேட்சில் 0.980 அடித்திருந்தாலும் சரி. மிச்சம் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள், பத்துப் புள்ளிக்குள். இவர்களை ஃபார்கோவால் பிரிக்க முடியாது, பிரிக்கப் பார்ப்பதும் தப்பு. இங்கேதான் டிபிஏ தாளை எடுக்க வேண்டும். கடைசியில் வரும் அந்த ஒற்றை எண்ணுக்காக அல்ல. ஒவ்வொருவருக்கும் பத்துப் பதினைந்து மேட்சாவது ஒரே ஆள் குறித்த தாள் வேண்டும். அதில் பிழைகள் எந்தக் கட்டத்தில் குவிந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம், ஒருவர் 818, மற்றவர் 812. இருவர் தாளிலும் சராசரி 0.890-ஐ ஒட்டியே வருகிறது. 818-காரர் பந்தைத் தவறவிடுவதே அபூர்வம், ஆனால் அவர் பிழைகளில் பாதி சேஃப்டிக் கட்டத்தில் கிடக்கிறது. 812-காரருக்குப் பிழைகள் பொசிஷனில். வெள்ளை அடிக்கடி கொஞ்சம் அதிகமாக ஓடிவிடுகிறது, ஆனால் மாட்டிக்கொண்டால் நன்றாக மறைத்துவிட்டு வந்து உட்காருகிறார்.

நான் 812-ஐ எடுப்பேன். பொசிஷன் தவறினவருக்கு இன்னும் ஓர் அடி கையில் இருக்கிறது, சேஃப்டி வைத்து மீளலாம். சேஃப்டியே தவறினால் மேஜை எதிராளிக்குத் திறந்துவிடும். இந்தத் தரத்தில் திறந்த மேஜைக்கு வருகிறவர் பெரும்பாலும் ரேக்கை முடித்துவிட்டுத்தான் போவார். 5 ரேக்கில் அப்படி இரண்டு ரேக்கைக் கொடுத்துவிட்டால் திரும்பப் பிடிக்க நேரமில்லை. 6 புள்ளி பின்னால் இருப்பதால் நான் இழப்பது நூற்றுக்கு இரண்டு மூன்று தடவை. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு சேஃப்டி தெரிந்த கையை மேஜைக்கு அனுப்புவேன்.